'முதன்மை' என்று எழுதுமுன்: அருட்பணி அறிக்கை வரையும் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான குழுவினருக்கு,

திருச்சபையின் அருட்பணி அறிக்கையைத் திருத்தி எழுத ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு குழு அமர்கிறது. இரண்டாவது கூட்டத்திலேயே ஒரு வாக்கியத்தில் சக்கரம் புதைந்துவிடும். 'சுவிசேஷத்தை அறிவிப்பதே சபையின் முதன்மைப் பணி' என்று எழுதலாமா, கூடாதா? எழுதாவிட்டால் சபை தொண்டு நிறுவனமாகக் கரைந்துபோகும் என்று ஒரு சாரார் அஞ்சுகிறார்கள். எழுதினால் ஏழையின் கூக்குரல் அடிக்குறிப்பாகிவிடும் என்று மறு சாரார் அஞ்சுகிறார்கள். இரண்டு அச்சத்துக்கும் வரலாற்றில் ஆதாரம் உண்டு. கடைசியில் இரண்டையும் 'மேலும்' போட்டு ஒட்டிய ஒரு பத்தி நிறைவேறும். யாருக்கும் அதில் மனக்குறை இராது, யாரையும் அது கட்டுப்படுத்தவும் செய்யாது.

அந்தப் பத்தியை எழுதுமுன் மூன்று கேள்விகளைத் தனித்தனியாகப் பிரித்து வையுங்கள் என்று கேட்கவே இந்த மடல். மனிதன் எதனால் இரட்சிக்கப்படுகிறான்? இரட்சிக்கப்பட்டவன் எப்படி வாழவேண்டும்? கூடிவந்த சபை, தன் பணம், கட்டடம், பிரசங்க பீடம், கையெழுத்து அதிகாரம் எல்லாவற்றோடும், ஒரு நிறுவனமாக எதைச் செய்யவேண்டும்? முதல் கேள்விக்குப் பதில் கிருபை. இரண்டாவதற்குக் கீழ்ப்படிதல். மூன்றாவதற்கு ஒற்றைச் சொல்லில் பதில் கிடையாது. அங்கே ஞானமும் கணக்கும் வேண்டும், உண்மையான விசுவாசிகளுக்குள்ளே கருத்து வேறுபாடும் வரலாம். ஒருவர் முதல் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க, எதிரே இருப்பவர் மூன்றாவதற்குப் பதில் சொல்வதால்தான் இந்தச் சண்டை இவ்வளவு நீள்கிறது.

சொற்களிலிருந்து தொடங்குவோம். தமிழில் இந்த விவாதத்தை நடத்துகிறவர்களுக்கு ஒரு வசதி இருக்கிறது, அதை நாம் பயன்படுத்துவதே இல்லை. ரோமர் நிருபத்தில் பவுல் சொல்லும் 'தேவநீதி', மத்தேயு 6:33-இல் தேவனுடைய ராஜ்யத்தோடு சேர்த்துத் தேடச் சொல்லும் 'அவருடைய நீதி', ஆமோஸ் 5:24-இல் வற்றாத நதியைப்போலப் புரண்டு வரவேண்டிய 'நீதி' ஆகிய மூன்றும் பழைய தமிழ் வேதாகமத்தில் ஒரே சொல். கிரேக்கத்திலும் அப்படித்தான்: பவுலும் மத்தேயுவும் எழுதிய திக்கையோசுனே என்ற சொல்லையே ஆமோசின் கிரேக்க மொழிபெயர்ப்பும் வைத்திருக்கிறது. ஆங்கிலம் இதை இரண்டு சொற்களாக (righteousness, justice) வெட்டியது. ஒன்று தனிமனித ஒழுக்கத்தின் பக்கம் சாய்ந்தது, மற்றது நீதிமன்றத்தின் பக்கம் சாய்ந்தது. அங்கே வெட்டப்பட்டதை நாம் இறக்குமதி செய்து, நம் மொழி வெட்டாத இடத்தில் நாமே கத்தி வைக்கிறோம்.

'இரட்சிப்பு' என்ற சொல்லும் இதே பாடத்தைச் சொல்கிறது. லூக்கா 7:50-இல் பாவங்கள் மன்னிக்கப்பட்ட பெண்ணிடமும், லூக்கா 8:48-இல் பன்னிரண்டு ஆண்டு உதிரப்போக்கிலிருந்து குணமான பெண்ணிடமும் இயேசு சொல்லும் வாக்கியம் ஒன்றே: 'உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது.' கிரேக்கத்திலும் எழுத்துக்கு எழுத்து அதே. ஆங்கில மொழிபெயர்ப்புகள் பல முதல் இடத்தில் 'இரட்சித்தது' என்றும் இரண்டாவது இடத்தில் 'சுகமாக்கிற்று' என்றும் பிரித்துவிடுகின்றன.

இங்கே ஒரு எச்சரிக்கை. ஒரு சொல்லுக்கு நான்கு பொருள் உண்டு என்பதால், அது வரும் ஒவ்வொரு வசனத்திலும் நான்கையும் கொட்டிவிட முடியாது. உதிரப்போக்கு நின்றதும் பாவமன்னிப்பும் ஒரே சொல்லால் குறிக்கப்படுவதால், மருத்துவமனை கட்டுவதும் ஞானஸ்நானம் கொடுப்பதும் ஒன்றே என்று வாதிடுவது அவசரம். சொல் நமக்குக் காட்டுவது, வேதாகமத்தில் இந்த இரண்டும் அந்நியர்கள் அல்ல என்பதை மட்டும்தான். உறவு என்ன என்பதை வாக்கியமும் சூழலும்தான் சொல்லவேண்டும்.

அதே கண்டிப்போடு, இரு தரப்பும் கொடியாகப் பிடிக்கும் வசனங்களையும் பாருங்கள். மத்தேயு 25-இல் 'மிகவும் சிறியவராகிய என் சகோதரர்' என்பது எல்லா ஏழைகளையும் குறிக்கிறது என்று மேடையில் சொல்லிவிடலாம். ஆனால் அதே சுவிசேஷத்தில் 12:49, 50 வசனங்கள் இயேசுவின் சகோதரர் யார் என்று வரையறுக்கின்றன, 10:42 'சிறியர்' என்று சீஷரைக் குறிக்கிறது. ஆகவே அங்கே பேசப்படுவது பசியோடு அலையும் சுவிசேஷ ஊழியர் என்று வாசிக்கும் அறிஞர்கள் கணிசம். ஏழைக்கான வழக்கு முழுவதையும் இந்த ஒரு பத்தியின் மேல் கட்டாதீர்கள். உபாகமம் 24:14, 15, லேவியராகமம் 19, ஏசாயா 58, லூக்கா 10, யாக்கோபு 5:4 என்று உறுதியான அஸ்திபாரம் வேறு ஏராளம். அதேபோல மத்தேயு 28:19-ஐ மட்டும் பிரித்து எடுத்து, 'கட்டளை ஒன்றுதான், சீஷராக்குங்கள்' என்று முடிப்பவர்கள் அடுத்த வசனத்தையும் வாசிக்கவேண்டும். 'நான் உங்களுக்குக் கட்டளையிட்ட யாவையும்' கைக்கொள்ளப் போதிப்பதும் அந்தக் கட்டளையின் பகுதி. அந்த 'யாவையும்' மலைப்பிரசங்கத்தையும் உள்ளடக்கியது. நாசரேத்து ஜெபாலயத்தில் இயேசு வாசித்த பகுதியையும் (லூக்கா 4) எல்லாரும் மேற்கோள் காட்டுகிறோம். ஏசாயா 61-ஐ வாசிக்கும்போது நடுவில் 58:6-இன் விடுதலை வரி வந்து சேர்வதையும், நீதியைச் சரிக்கட்டும் நாளைப் பற்றிய வரிக்கு முன்பே வாசிப்பு நின்றுவிடுவதையும் பலர் கவனிப்பதில்லை. ஏசாயா 58 எதைப் பற்றியது? உபவாசம் இருந்துகொண்டே வேலையாட்களைக் கசக்கிப் பிழிகிறவர்களைப் பற்றியது.

இந்த விவாதம் கடந்து வந்த பாதையும் குழுவின் மேசையில் இருக்கவேண்டும். வரைவுக் குழுக்கள் ஏற்கெனவே தீர்ந்த கணக்கையே மறுபடி மறுபடி போடுகின்றன. 1973-இல் பாங்காக்கில் உலகத் திருச்சபைகள் மன்றம் கூட்டிய மாநாடு, இரட்சிப்பு நான்கு தளங்களில் செயல்படுவதாகச் சொன்னது: சுரண்டலுக்கு எதிரான பொருளாதார நீதி, ஒடுக்குமுறைக்கு எதிரான மனித மாண்பு, அந்நியமாதலுக்கு எதிரான ஒருமைப்பாடு, தனிமனித வாழ்வில் அவநம்பிக்கைக்கு எதிரான நம்பிக்கை. அப்படியானால் சிலுவையில் நடந்தது என்ன, மனந்திரும்புதல் எங்கே என்று கேட்டவர்களை வெறும் பழமைவாதிகள் என்று தள்ளிவிட முடியாது. அடுத்த ஆண்டு, 1974 ஜூலையில், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் சுமார் 150 நாடுகளிலிருந்து இவாஞ்சலிக்கல் (சுவிசேஷ அறிவிப்பை மையமாகக் கொண்ட) கிறிஸ்தவர்கள் ஏறத்தாழ 2,400 பேர் கூடி 15 பத்திகள் கொண்ட உடன்படிக்கையை வெளியிட்டார்கள். அதன் ஐந்தாம் பத்தி இந்த விவாதத்தின் மிகக் கவனமான வரிகளில் ஒன்று. மனிதரோடு ஒப்புரவாவது தேவனோடு ஒப்புரவாவது ஆகாது, சமூகச் செயல் சுவிசேஷ அறிவிப்பு ஆகாது, அரசியல் விடுதலை இரட்சிப்பு ஆகாது என்று மூன்று வேலிகளைப் போட்டுவிட்டு, சுவிசேஷ அறிவிப்பும் சமூக, அரசியல் ஈடுபாடும் நம் கடமையின் பகுதிகளே என்றும், சில வேளைகளில் ஒன்றை ஒன்று விலக்குவதாக நினைத்ததற்காக வருந்துகிறோம் என்றும் சொல்கிறது. ஆறாம் பத்தி சுவிசேஷ அறிவிப்பை முதன்மை என்கிறது. அந்த மாநாட்டிலேயே லத்தீன் அமெரிக்காவைச் சேர்ந்த ரெனே படியாவும் சாமுவேல் எஸ்கோபாரும், ஐந்தாம் பத்தி போதாது என்ற குரலுக்கு முகமாக இருந்தார்கள்.

உடன்படிக்கையின் வரைவுக்குத் தலைமை தாங்கிய ஆங்கிலிக்கன் போதகர் ஜான் ஸ்டாட் தாமே கருத்து மாறியவர். 1966-இல் பெர்லின் மாநாட்டில், சபைக்குக் கொடுக்கப்பட்ட ஆணை முழுக்க முழுக்கப் பிரசங்கம் சார்ந்தது என்று வாதிட்டார். பிற்பாடு யோவான் 20:21-ஐ மையமாக எடுத்துக்கொண்டார். பிதா குமாரனை அனுப்பினதுபோலவே நாமும் அனுப்பப்படுகிறோம் என்றால், பேசவும் தொண்டு செய்யவும் சேர்த்தே அனுப்பப்படுகிறோம் என்பது அவருடைய முடிவு. பெரிய அறிஞர் ஒருவர் பகிரங்கமாகத் தம் வாதத்தைத் திருத்திக்கொண்டது நம் குழுக்களுக்கு ஒரு ஆறுதலாக இருக்கட்டும். 1982-இல் அமெரிக்காவின் கிராண்ட் ராபிட்ஸ் நகரில் நடந்த கலந்தாய்வு சமூகச் செயலுக்கு மூன்று உறவுகளைப் பெயரிட்டது: சுவிசேஷத்தின் விளைவு, சுவிசேஷத்துக்குப் பாலம், சுவிசேஷத்தின் பங்காளி. கத்தரிக்கோலின் இரு அலகு, பறவையின் இரு சிறகு என்ற உவமைகள் அங்கிருந்துதான் பரவின. எங்களுக்கு அந்த உவமைகள் மேல் அவ்வளவு பிரியமில்லை. இரண்டு சிறகும் சமம் என்று சொல்லிவிட்டால் பறவை எங்கே போகிறது என்று யாரும் கேட்பதில்லை.

கத்தோலிக்கத் திருச்சபையிலும் இதே ஊசலாட்டம் நடந்தது. 1971-இல் கூடிய ஆயர் (பிஷப்) மன்றம், நீதிக்காகச் செயல்படுவது நற்செய்தி அறிவிப்பின் உள்ளமைந்த பரிமாணம் என்றது. 1975-இல் திருத்தந்தை ஆறாம் பவுல், இரண்டுக்கும் ஆழமான தொடர்பு உண்டு, ஆனால் விடுதலையின் வடிவங்களை அறிவிப்பது இறையாட்சியை அறிவிப்பதற்குப் பதிலாகிவிடாது என்று எல்லை வகுத்தார். ஓராண்டு இடைவெளியில் லோசானும் ரோமும் ஏறக்குறைய ஒரே இடத்தில் வந்து நின்றது தற்செயலாக இருக்க முடியாது. இந்தியாவில் இறையியலாளர் எம். எம். தாமஸ் 1971-இல் இரட்சிப்பையும் மனிதமயமாதலையும் (மனிதர் முழு மாண்போடு வாழும் நிலை) இணைத்து எழுதியபோது, அப்போது சென்னையில் பேராயராக இருந்த லெஸ்லி நியூபிகின் அவரோடு நடத்திய எழுத்து விவாதமும் இந்த வரிசையில் வாசிக்கவேண்டியது. கிறிஸ்துவை மையமாகக் கொண்ட ஐக்கியம் சபையின் சுவருக்கு வெளியேயும் உருவாகலாமா என்பது தாமஸின் கேள்வி. கண்ணால் காணக்கூடிய ஒரு சமூகம் இல்லாமல் அந்த ஐக்கியம் எப்படி நிலைக்கும் என்பது நியூபிகினின் கேள்வி. இருவரும் ஒருவர் சொன்னதை மற்றவர் ஒழுங்காகத் திருப்பிச் சொல்லிவிட்டுப் பிறகே மறுத்தார்கள். 2018-இல் அமெரிக்காவில் வெளியான, 14 பிரிவுகள் கொண்ட சமூகநீதி பற்றிய அறிக்கை, சமூக அரசியல் செயல்பாட்டைச் சுவிசேஷத்தின் உட்கூறாகவோ சபையின் முதன்மைப் பணியாகவோ கருதக்கூடாது என்றது. அதற்கு வந்த பதில்களில் பெரும்பகுதி கூச்சல். மேலே சொன்ன மூன்று கேள்விகளைப் பிரித்திருந்தால், அதன் வாக்கியங்களில் எவை முதல் கேள்விக்குப் பதில், எவை மூன்றாவதற்குப் பதில் என்று நிதானமாகப் பேசியிருக்கலாம்.

இப்போது, பிரிக்கக்கூடாததைப் பிரித்தால் என்ன ஆகும் என்பதற்கு வருவோம். இங்கேதான் எங்களுக்கு அதிகம் சொல்ல இருக்கிறது.

1667-இல் வர்ஜீனியா சட்டமன்றம் ஒரு சட்டம் இயற்றியது. அடிமைக்கு ஞானஸ்நானம் கொடுத்தால் அவன் விடுதலையாகிவிடுவானோ என்று எஜமான்கள் தயங்கினார்கள். ஆகவே, ஞானஸ்நானம் ஒருவனுடைய அடிமை நிலையை மாற்றாது என்று சட்டம் அறிவித்தது. அந்தச் சட்டம் தனக்குக் கூறிக்கொண்ட காரணத்தைக் கவனியுங்கள்: சந்தேகம் நீங்கிய எஜமான்கள் இன்னும் அக்கறையோடு கிறிஸ்தவத்தைப் பரப்புவார்களாம். அதாவது சுவிசேஷ அறிவிப்புக்கு வழி திறப்பதற்காக நீதியின் வாசல் அடைக்கப்பட்டது. 1857-இல் தென்னாப்பிரிக்காவின் டச்சு சீர்திருத்தத் திருச்சபையின் மாமன்றம், புதிதாக விசுவாசத்துக்கு வந்த வெள்ளையர் அல்லாதவர் ஏற்கெனவே உள்ள சபைகளில் சேர்க்கப்படுவதே விரும்பத்தக்கது, அதுவே வேதத்துக்கு ஏற்றது என்று ஒப்புக்கொண்டது. ஆனால் 'சிலருடைய பலவீனத்தினிமித்தம்' அது அருட்பணிக்குத் தடையாகுமானால் அவர்கள் தனிக் கட்டடத்தில் ஆராதிக்கலாம் என்று ஒரு விதிவிலக்கு கொடுத்தது. 1881-இல் அந்த விதிவிலக்கு தனித் திருச்சபையே ஆனது. 1948-க்குப் பின் நிறவெறி அரசக் கொள்கையானபோது, சபை அதற்கு முன்மாதிரி காட்டிப் பல பத்தாண்டுகள் ஆகியிருந்தன. அப்படிப் பிரித்து வைக்கப்பட்ட அதே திருச்சபைதான் 1982-இல் இனப்பிரிவினையை விசுவாசத்தின் பெயரால் மறுத்த பெல்ஹார் அறிக்கையை வரைந்து, 1986-இல் ஏற்றுக்கொண்டது.

இந்த இரண்டிலும் யாரும் சுவிசேஷத்தை மறுக்கவில்லை. ஒரு சிறு நடைமுறைச் சலுகை கேட்டார்கள், அவ்வளவுதான்.

கலாத்தியர் 2-ஐ இந்த வெளிச்சத்தில் வாசியுங்கள். விசுவாசத்தினால் நீதிமானாக்கப்படுதல் என்ற உபதேசத்தைப் பவுல் எங்கே வைத்துப் பேசுகிறார்? அந்தியோகியாவில், சாப்பாட்டு இடத்தில். பேதுரு புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார், சிலர் வந்ததும் பயந்து விலகிக்கொண்டார். யார் யாரோடு உட்காருவது என்பதை நாம் சமூகப் பிரச்சனை என்போம். பவுல் அதை 'சுவிசேஷத்தின் சத்தியத்துக்கு ஏற்றபடி சரியாய் நடவாமை' என்கிறார். கிருபையினால் மட்டும் இரட்சிப்பு என்ற உபதேசம், தனிப் பந்தியைப் பொறுத்துக்கொள்ளாது. எவருடைய தகுதியும் கணக்கில் இல்லை என்றால், பிறப்பின் தகுதியும் கணக்கில் இல்லை. 'முதலில் இரட்சிப்பைப் பேசுவோம், பந்தி விவகாரம் பிறகு' என்று சொல்ல முடியாத இடம் ஒன்று உண்டு. அது சபைக்கு உள்ளே இருக்கிறது. எனவே உங்கள் அறிக்கையில் 'முதன்மை' பற்றி எந்தத் தரப்பை எடுத்தாலும், சபைக்குள்ளான நீதியை, அதாவது ஒரே மேசை, ஒரே கல்லறைத் தோட்டம், பதவிகளில் பாகுபாடின்மை, ஊழியருக்கு உரிய ஊதியம், முறையீட்டுக்குச் செவி ஆகியவற்றை, மூன்றாவது கேள்வியின் கீழ் வைக்காதீர்கள். அது முதல் கேள்வியை ஒட்டி நிற்கிறது.

எதிர்ப்பக்கத்துப் பிசகும் சிறியதல்ல. நீதிக்கான உழைப்பே இரட்சிப்பு என்று ஆகிவிட்டால், கிருபை இருந்த இடத்தில் ஒரு புதிய நியாயப்பிரமாணம் குடியேறும். போதுமான அளவு போராடாதவன் பாவி, சரியான சொல்லைப் பேசாதவன் பரிசேயன். அந்தச் சபையில் மன்னிப்புக்கு நடைமுறையே இராது. ஊழியர்கள் சில ஆண்டுகளில் சோர்ந்து வெளியேறுவார்கள். ஏழைக்கும் அதில் அவமானம் உண்டு: அவருக்கு அரிசியும் வழக்கறிஞரும் தேவை, தேவன் தேவையில்லை என்று அவர் சார்பில் நாமே முடிவுசெய்துவிடுகிறோம். மரண பயம், குற்ற உணர்வு, பிள்ளையைப் பறிகொடுத்த துக்கம் இவையெல்லாம் வசதியுள்ளவர்களின் சொத்து அல்லவே.

இனி நடைமுறை.

எழுதுமுன் ஒரு மாதம் கணக்குப் பாருங்கள். கடந்த மூன்று ஆண்டுச் செலவை ஒரே தாளில் நான்கு நிரல்களாகப் பிரியுங்கள்: ஆராதனையும் கட்டடமும், அறிவிப்பும் போதனையும், நிவாரணமும் கல்வியும் மருத்துவமும், உரிமைக்கான துணை (சட்ட உதவி, ஆவணங்கள், கூலி வழக்கு போன்றவை). சம்பளத்தை ஒரே வரியாகப் போடாமல், அந்த ஊழியர் நேரம் எதில் போகிறதோ அந்த நிரலில் பங்கிடுங்கள். இல்லாவிட்டால் கணக்கு பொய் சொல்லும். பல சபைகளில் முதல் நிரல் மற்ற மூன்றையும் விழுங்கியிருப்பது தெரியவரும். சுவிசேஷமா நீதியா என்று இத்தனை காலம் நடந்த சண்டை, சுவர்களுக்குப் போக மிஞ்சிய தொகையைப் பற்றிய சண்டைதான் என்று அப்போது புரியும். பிறகு கடந்த 52 ஞாயிறுகளின் பிரசங்க வசனங்களை எழுதிப் பாருங்கள். ஆமோஸும் மீகாவும் யாக்கோபு ஐந்தும் வந்தனவா? ரோமர் மூன்றும் எபேசியர் இரண்டும் வந்தனவா? இரண்டு கேள்விக்கும் 'இல்லை' என்று பதில் வந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.

நிவாரணத்தில் நடக்கும் தவறு பெரும்பாலும் கெட்ட எண்ணத்தால் வருவதில்லை, அதிகார இடைவெளியால் வருகிறது. கையில் பொருளோடு நிற்பவர் ஜெபிக்கலாமா என்று கேட்டால், பசித்தவர் வேண்டாம் என்று சொல்லத் துணியமாட்டார். 1994-இல் செஞ்சிலுவை இயக்கமும் பல நிவாரண அமைப்புகளும் சேர்ந்து வகுத்த நடத்தை விதிகளின் மூன்றாவது கொள்கை, உதவியை எந்த அரசியல், மத நிலைப்பாட்டையும் முன்னெடுக்கப் பயன்படுத்தக்கூடாது என்கிறது. அதை முன்வைத்தவர்களில் உலகத் திருச்சபைகள் மன்றமும், லுத்தரன் உலகக் கூட்டமைப்பும், கத்தோலிக்க நிவாரண அமைப்பான சர்வதேச காரித்தாஸும் இருந்தன. 2011-இல் உலகத் திருச்சபைகள் மன்றமும், வத்திக்கானின் பல்சமய உரையாடல் அவையும், உலக இவாஞ்சலிக்கல் கூட்டணியும் சேர்ந்து வெளியிட்ட சாட்சி பற்றிய வழிகாட்டுதலும், வறுமையைப் பயன்படுத்திக்கொள்வதற்கும் பண ஆசை காட்டுவதற்கும் இடமில்லை என்கிறது. இவ்வளவு தூரம் விலகி நிற்கும் மூன்று அமைப்புகள் ஒரே தாளில் கையெழுத்திடும் காரியங்கள் குறைவு. உங்கள் அறிக்கை இதை ஒரு வரியில் ஏற்றுக்கொள்ளட்டும்.

நடைமுறையில் அதன் பொருள்: உதவி பெறுவோர் பட்டியலும் ஆராதனைக்கு வருவோர் பட்டியலும் ஒரே கையில் இருக்கக்கூடாது. பொருள் வழங்குபவரே ஞானஸ்நான ஆயத்த வகுப்பு நடத்தக்கூடாது. யாருக்கு, எந்த அளவுகோலில், எவ்வளவு என்பதை முன்கூட்டியே எழுதி ஒட்டிவிடவேண்டும். வாங்குகிறவர் முகத்தைப் புகைப்படம் எடுக்கக்கூடாது. ஒருவர் விசுவாசத்தைப் பற்றிக் கேட்டால் தாராளமாகச் சொல்லுங்கள், மறைக்கத் தேவையில்லை. ஆனால் அதை வேறொரு நாளில், வேறொரு இடத்தில், பொருள் கையில் இல்லாதபோது பேசுங்கள். சோதித்துப் பார்க்க ஒரே கேள்வி போதும்: இவர் 'வேண்டாம்' என்று சொன்னால் நாளை இவருக்கு என்ன குறையும்? எதுவும் குறையாது என்றால் உங்கள் சாட்சி சுத்தம்.

அப்போஸ்தலர் 6-ஐ ஒரு நிர்வாகப் பாடமாகவே வாசிக்கலாம். அன்றாட விசாரணையில் (உதவிப் பங்கீட்டில்) கிரேக்கு மொழி பேசும் விதவைகள் விடுபட்டார்கள். முறுமுறுப்பை அப்போஸ்தலர் அடக்கவில்லை, கூட்டத்தைக் கூட்டினார்கள். வசனத்தைப் போதிக்கும் ஊழியத்தை விட்டுவிடமாட்டோம் என்று தெளிவாகச் சொன்னார்கள். பந்திக்கும் வசனத்துக்கும் லூக்கா ஒரே 'தியாக்கோனியா' (ஊழியம், பணிவிடை) என்ற சொல்லைத்தான் போடுகிறார் என்பதையும் கவனிக்கவேண்டும். தெரிந்தெடுக்கப்பட்ட ஏழு பேரின் பெயர்களும் கிரேக்கப் பெயர்கள். முறையிட்ட தரப்பின் கையிலேயே பொறுப்பு போனது. இதைத்தான் நம் குழுக்கள் செய்ய மறுக்கின்றன. பாதிக்கப்பட்டவர்களைப் பற்றி ஆய்வு செய்வோம், சாவியை மட்டும் கொடுக்கமாட்டோம். அந்த ஏழு பேரில் ஸ்தேவான் அடுத்த அதிகாரத்தில் பிரசங்கிக்கிறார், பிலிப்பு அதற்கடுத்த அதிகாரத்தில் சுவிசேஷம் அறிவிக்கிறார். வேலை பிரிக்கப்பட்டது, ஆட்கள் நிரந்தரமாகப் பிரிக்கப்படவில்லை.

'எது முதலில்' என்பதற்கு நேரடியாக ஒரு பயணத்திட்டம் வேண்டுமானால் ரோமர் 15:24-28-ஐப் பாருங்கள். பவுலுக்கு ஸ்பானியாவுக்குப் போகவேண்டும், கிறிஸ்துவின் நாமம் சொல்லப்படாத இடங்களைத் தேடிப்போவதே அவருடைய வைராக்கியம். ஆனாலும் முதலில் எதிர்த்திசையில் எருசலேமுக்குப் போகிறார், ஏழைகளுக்கான காணிக்கையைக் கொண்டுசேர்க்க. அந்தப் பணத்தைத் தனியாகக் கையாளவும் இல்லை. சபைகள் நியமித்த ஆட்கள் உடன் போனார்கள், 'எங்களை ஒருவனும் குற்றப்படுத்தாதபடிக்கு' (2 கொரிந்தியர் 8:20). உங்கள் அறக்கட்டளையின் காசோலைகளில் எத்தனை பேர் கையெழுத்து இருக்கிறது?

சபையின் பெயரால் பொதுவெளியில் பேசுவது தனிக் கலை. கூலியைப் பிடித்துவைப்பது பாவம் என்று பிரசங்க பீடம் சொல்லலாம், சொல்லவேண்டும். குறைந்தபட்சக் கூலி எவ்வளவு, எந்தச் சட்டப்பிரிவு திருத்தப்படவேண்டும் என்பதில் விசுவாசிகள் வேறுபடலாம். அதை 'கர்த்தர் சொல்லுகிறார்' என்று முடிக்காதீர்கள். அதேவேளையில் 'சபை ஆவிக்குரியது, உலக காரியத்தில் தலையிடாது' என்ற வாதத்தின் பூர்வீகத்தையும் மறக்கவேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கத் தென்மாநிலத்தின் ஜேம்ஸ் தார்ன்வெல் அதைக் கூர்மைப்படுத்தியது அடிமைமுறையைச் சபை கண்டிக்காமல் இருப்பதற்காக. கொள்கையில் கொஞ்சம் உண்மை உண்டு, அதைப் பயன்படுத்திய விதம் அந்த உண்மையைக் கறைப்படுத்திவிட்டது. ஆகவே ஒரு கண்டன அறிக்கை வெளியிடுமுன், பாதிக்கப்பட்டவர்களிடமே நேரில் கேட்டீர்களா, இரண்டு சாட்சிகளாவது உண்டா, யாருக்கு எழுதுகிறீர்கள், என்ன கேட்கிறீர்கள், முப்பதாம் நாளும் தொண்ணூறாம் நாளும் யார் தொடர்ந்து விசாரிப்பார் என்று தாளில் எழுதுங்கள். முகவரி இல்லாத கண்டனங்கள் எழுதியவரின் மனச்சாட்சியைத் தூங்கவைக்க மட்டுமே உதவும். வெளியிலிருந்து நிதி வரும் திட்டங்களுக்கும் ஒரு கேள்வி: நிதி நின்ற மறுமாதம் இதில் எது தொடரும்? பதில் இல்லையென்றால் தொடங்கவேண்டாம்.

வரைவின் நடையைப் பற்றி ஒன்றே ஒன்று. ஒவ்வொரு வாக்கியத்துக்கும் எழுவாய் யார் என்று பாருங்கள். 'நீதிக்காகக் குரல் கொடுக்கப்படும்', 'சுவிசேஷம் அறிவிக்கப்படும்' போன்ற வாக்கியங்களில் ஆளே இல்லை. விசுவாசியா, உள்ளூர்ச் சபையா, மாமன்றமா? ஒரு விசுவாசி தன் அலுவலகத்தில் செய்யவேண்டியதைச் சபையின் தலையில் வைத்தால் சபை அரசியல் கட்சியாகும். சபை செய்யவேண்டியதைத் தனி விசுவாசியின் தலையில் வைத்தால் நிறுவனம் தப்பித்துக்கொள்ளும். எழுவாயை நிரப்பிவிட்டுப் பிறகு 'முதன்மை' என்ற சொல்லுக்கு வாருங்கள். எங்கள் கணிப்பில், அப்போது அந்தச் சொல்லுக்குப் பாதி வேலைகூட மிஞ்சியிராது. மீதி இடத்தில் அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள்: சபை பேசாவிட்டால் கிறிஸ்துவின் சிலுவையைப் பேச வேறு நிறுவனம் இல்லை. அந்தப் பொருளில் அறிவிப்பு சபைக்கே உரிய, கைமாற்ற முடியாத பணி. கிணறு தோண்ட மற்றவர்களும் வருவார்கள், அவர்களோடு சேர்ந்து தோண்டலாம்.

1971-இன் ஆயர் மன்றத்தை எல்லாரும் அந்த 'உள்ளமைந்த பரிமாணம்' என்ற சொற்றொடருக்காக மேற்கோள் காட்டுகிறார்கள். அதே ஆவணத்தில் அதிகம் வாசிக்கப்படாத பகுதி ஒன்று உண்டு. நீதியைப் பற்றிப் பேசத் துணிகிறவர் முதலில் பிறர் கண்ணுக்கு நீதியுள்ளவராக இருக்கவேண்டும் என்றும், திருச்சபைக்காக உழைப்பவர்களுக்குப் போதுமான பிழைப்பும், அந்தந்தப் பகுதியில் வழக்கமான சமூகப் பாதுகாப்பும், பொதுநிலையினருக்கு (குருக்கள் அல்லாதவர்களுக்கு) நியாயமான ஊதியமும் கிடைக்கவேண்டும் என்றும் அது சொல்கிறது. எனவே உங்கள் வரைவோடு ஒரு இணைப்புத் தாளையும் கேட்கிறோம். சபையிடம் சம்பளம் வாங்கும் ஒவ்வொரு பதவிக்கும், பெயர் இல்லாமல், ஒரு வரி: வேலை நேரம், மாத ஊதியம், எழுத்தில் நியமனம் உண்டா, கடந்த ஆண்டில் ஊதியம் எத்தனை நாள் தாமதமானது, ஓய்வுக்காலத்துக்கு என்ன ஏற்பாடு, முறையிடவேண்டுமானால் யாரிடம். ஆலயத்தைப் பெருக்கி மணி அடிப்பவருடைய வரியை முதலில் நிரப்புங்கள். மாமன்றத்தில் முதலில் வாக்கெடுப்புக்கு வரவேண்டியது அந்த இணைப்புத் தாள். அது நிறைவேறிய அமர்விலேயே அறிக்கையையும் எடுத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
இறையியல் கற்பிப்போரும் சபைக் கணக்குப் பார்ப்போருமான சிலர்